பிளஸ் ஒன் தொழிற்கல்விப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாமா? பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

பேரையூர் வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பேரையூர் வட்டத்திலுள்ள ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராகப் பணியாற்றுகிறேன். என் மகன் இவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500க்கு 338 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடைந்திருக்கிறான். கணிதத்தில் 64, அறிவியலில் 71. பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கிவிட்ட நிலையில், எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறோம்.

டி.கல்லுப்பட்டியில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையிலிருந்தே என் மகன் அங்கே போய் உட்கார்ந்துகொள்வான். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரின் பழைய கம்பியை அறுத்தெடுத்து, ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணி, அதைப் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியைச் சுற்றுவதற்கு அவனுக்குப் பழகிவிட்டது. கடைக்காரர் அவனைக் கூலிக்கு வைத்துக்கொள்ளவில்லை. படிக்கிற பிள்ளை, பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் விட்டிருக்கிறார். திருமங்கலம் பக்கத்திலுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை மின் பொறியியல் இருப்பதாக அவர்தான் எங்களிடம் சொன்னார். மகன் அதில் சேர வேண்டும் என்று உறுதியாக இருக்கிறான்.

மதுரையிலிருக்கும் என் அண்ணன் இதற்குச் சம்மதிக்கவில்லை. மார்க் வராத பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற இடம்தான் தொழிற்பிரிவு என்றும், அதில் சேர்ந்தால் பிறகு பொறியியல் கல்லூரி வாசலையே மிதிக்க முடியாது என்றும் சொல்கிறார். மதுரையில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் இடம் வாங்கித் தருவதாகவும், தன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பதாகவும் கூறுகிறார். என் கணவர் காலமானபிறகு எங்களுக்குத் துணையாக நிற்பவர் அவர் ஒருவர்தான். தாய்மாமன் சொல்லைத் தட்டிவிட்டுப் பிள்ளையை ஒரு பள்ளியில் சேர்த்தேன் என்ற பேச்சு வருவதை நான் விரும்பவில்லை. அதே நேரத்தில், பிள்ளைக்கு ஒத்துவராத பாடத்தில் அவனை இரண்டாண்டு உட்காரவைக்கவும் மனம் வரவில்லை.

தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கு மேலே எந்தெந்த வழிகள் உண்மையிலேயே திறந்திருக்கின்றன? எப்படி விண்ணப்பிக்க வேண்டும்? சேர்வதற்கு முன் அந்தப் பள்ளியில் நாங்கள் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்? என் மகன் ஐந்தாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்தவன். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கட்டணம் கட்ட இயலாமல் ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். அதனால் ஏதேனும் சிக்கல் வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர், திருமங்கலம்

அம்மா, வணக்கம். அடிப்படை மின் பொறியியலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்.

முதலில் உங்கள் அண்ணன் சொன்னதைப் பற்றி. அவர் பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்கிறார். அவர் சொல்வது முழுக்கப் பொய்யும் அன்று. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தே தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். காலப்போக்கில் பல தலைமையாசிரியர்கள் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை, அவர்களுக்கு விருப்பம் உண்டா என்று கேட்காமலே, அந்தப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரும்பைக் கடையும் லேத் இயந்திரத்தைத் தொடவே பயப்படுகிற பிள்ளையை இயந்திரவியலில் உட்காரவைத்தால் அவன் என்ன செய்வான்? பெயர் கெட்டதற்கு அதுவே காரணம். உங்கள் மகன் தானாக விரும்பி வருகிறான். அப்படி வருகிற பிள்ளை ஒரு வகுப்புக்கு நான்கைந்து பேர் இருந்தாலே அந்த ஆண்டு எங்களுக்கெல்லாம் பாடம் நடத்துவது திருவிழாப்போல இருக்கும்.

இனி வழிகளைச் சொல்கிறேன். தொழிற்பிரிவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மதுரையில் 1946இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாலிடெக்னிக் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர் பி.இ. வகுப்பில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதற்கான மாநிலக் கலந்தாய்வைக் காரைக்குடியிலுள்ள அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தி வந்திருக்கிறது. டிப்ளமோ இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உடனேயே பி.இ. முதலாண்டுக்கு விண்ணப்பிக்கவும் பொறியியல் பாடம் படித்த தொழிற்பிரிவு மாணவருக்கு வழி உண்டு. அவர்களுக்கென்று தனித் தரவரிசை, தனி ஒதுக்கீடு, தனிக் கலந்தாய்வு எல்லாம் இருக்கின்றன. இடங்கள் குறைவுதான், ஆனால் அந்த வாசலை மிதிக்கவே முடியாது என்று சொல்வது சரியன்று. கலைக் கல்லூரிகளில் பி.ஏ., பி.காம். போன்ற படிப்புகளுக்கும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியைத் தகுதியாகக் கேட்கும் அரசுத் தேர்வுகளுக்கும் இந்தச் சான்றிதழ் மற்றப் பிரிவுகளின் சான்றிதழைப் போலவே செல்லும்.

பலரும் அறியாத இன்னொரு வழி உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தை 1986இல் திருத்தியபோது, பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களையும் அதில் சேர்த்தார்கள். ஒரு தொழிற்சாலையில் ஓராண்டு உதவித்தொகையோடு பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கலாம். தென்மாநிலங்களுக்கு அதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. என் மாணவர்களில் இப்படிப் போனவர்கள், படிப்பைத் தொடர வசதியில்லாத பிள்ளைகள், அந்த ஓராண்டைக் கொண்டே நிலையான வேலைக்குள் நுழைந்தார்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலியவற்றில் 2021ஆம் ஆண்டிலும் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு சட்டமாக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருகிறவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறான். ஐந்தாம் வகுப்புவரை எங்கே படித்தான் என்பது இதில் கணக்கில் வராது. ஆனால் இப்போது அவனை மதுரையில் உதவிபெறும் பள்ளியில் சேர்த்தால், ஐந்தாண்டு அவன் சேர்த்துவைத்த அந்தத் தகுதி அங்கேயே போய்விடும், ஏனென்றால் உதவிபெறும் பள்ளி இந்தச் சட்டத்தில் அரசுப் பள்ளியாகக் கொள்ளப்படுவதில்லை. எந்தப் பிரிவில் சேர்த்தாலும், அரசுப் பள்ளியை விட்டு நகர்வதற்கு முன் இதை அண்ணனோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். உயர்கல்வியில் சேர்ந்தபின் மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அரசுப் பள்ளிப் படிப்பு கைகொடுக்கும்.

விண்ணப்பிக்கும் முறை எளிதுதான். பள்ளி அலுவலகத்தில் பிளஸ் ஒன் விண்ணப்பப் படிவத்தை வாங்கி, பிரிவுகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். தற்காலிக மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மாணவரின் எமிஸ் பதிவு, அதாவது கல்வித் துறையின் கணினியில் உள்ள மாணவர் விவரம், பழைய பள்ளியிலிருந்து புதுப் பள்ளிக்கு மாற வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பள்ளிக்கும் இடையே அலைய நேரும். மதிப்பெண்ணும் இன ஒதுக்கீடும் பார்த்துத் தரவரிசைப் பட்டியலை ஒட்டுவார்கள். கண்டிப்பாகச் செய்ய வேண்டியது ஒன்று: விருப்ப வரிசையில் முதலிடத்தில் தொழிற்பிரிவை எழுதுங்கள். மதிப்பெண் ஓரளவு இருக்கிறதென்று பார்த்து, அலுவலகத்தில் உள்ளவர்களே பிள்ளையை வேறு பிரிவுக்கு எழுதிவிடுவது உண்டு.


கப்பலூர்ப் பணிமனைக்காரன்

அக்கா, ஐயா எழுதிய வழியிலேயே நடந்து வந்தவன் என்பதால் நானும் எழுதுகிறேன். வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயந்திரவியல் தொழிற்பிரிவில் படித்து 2011இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். அப்போது மொத்தம் 1200 மதிப்பெண். இப்போதுபோல 600 இல்லை. பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்து, டிப்ளமோ முடித்து, இன்று கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் இயந்திரப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன்.

எங்கள் பள்ளிப் பணிமனையில் பதினோராம் வகுப்பின் முதல் மூன்று மாதமும் நாங்கள் அரம் மட்டும்தான் பிடித்தோம். ஒரு சிறிய இரும்புத் தகட்டை வைஸில் மாட்டி, நான்கு பக்கமும் அரத்தால் தேய்த்து, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தகட்டுக்கும் மூலைமட்டத்துக்கும் இடையில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். என் தகடு பதினேழு முறை திரும்பி வந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, வீட்டில் சோற்றைப் பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிட்டார். அந்த ஆசிரியர் ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. தகட்டை வெளிச்சத்தில் காட்டி, என்னையே பார்க்கச் சொல்லுவார். இன்று எங்கள் நிறுவனத்தில் கணினியால் இயங்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒரு வேலை துல்லியமாக வந்திருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், என் கை தானாகவே அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்குகிறது.

பாலிடெக்னிக்கில் பட்ட கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் முதலாண்டிலேயே பொறியியல் வரைபடமும் பொறியியல் கணிதமும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். நான் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் போய் உட்கார்ந்தேன். வகுப்பில் சொல்கிற பொருள் எனக்குத் தெரியும், சொல்கிற சொல் தெரியாது. கருவியை எடுத்துக் காட்டினால் அதன் பயன் முழுவதும் சொல்லிவிடுவேன். அதன் ஆங்கிலப் பெயரைப் பலகையில் எழுதினால் விழிப்பேன். முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர் விழுந்தது. விடுதியில் என்னோடு இருந்த நண்பன் ஒருவன் இரவில் கணக்குச் சொல்லிக்கொடுத்தான்; பணிமனை வேலையில் நான் அவனுக்கு உதவினேன். அப்படித்தான் இருவருமே தேறினோம். ஆகவே தம்பி தொழிற்பிரிவில் சேர்ந்தால், கணிதத்தை விட்டுவிடக் கூடாது. தொழிற்பாடத்தின் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு நோட்டில் இப்போதிருந்தே எழுதிக்கொண்டு வரட்டும். காயில் சுற்றின் எண்ணிக்கையை நோட்டில் எழுதிவைக்கிற பிள்ளைக்கு இது பெரிய வேலையாக இருக்காது.


உசிலம்பட்டியிலிருந்து ஓர் அண்ணன்

என் தம்பிக்கு நேர்ந்ததை எழுதாவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது என்று நினைக்கிறேன். அவனும் ஆசைப்பட்டுத்தான் ஒரு பள்ளியில் மின் பொறியியல் பிரிவில் சேர்ந்தான். பள்ளியின் பெயர் வேண்டாம். சேர்ந்த ஆண்டின் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அந்தப் பாடத்தின் ஆசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. வேறு பாட ஆசிரியர் ஒருவர் புத்தகத்தை வாசிக்கவைத்தார். செய்முறை அறையின் சாவி அலுவலக அலமாரியிலேயே இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வெளியிலிருந்து ஒருவரை அழைத்துவந்து எல்லாச் சோதனைகளையும் மூன்று நாளில் காட்டினார்கள். மூத்த மாணவர்களின் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

தம்பி தேர்ச்சி பெற்றான், மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. ஆனால் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குத் தேர்வு செய்யும் இடத்தில் மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் ஒன்றை இணைத்துக் காட்டச் சொன்னபோது, அவன் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அவன் நண்பன் சொல்லித்தான் தெரியவந்தது. அந்த வயதுப் பிள்ளைக்கு அந்த அவமானம் மிகப் பெரியது. இதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

தொழிற்பிரிவை நான் குறை சொல்லவில்லை. பிரிவு நல்லதா என்று கேட்டு விசாரித்த நாங்கள், அந்தப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு யார் இருக்கிறார், இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்று கேட்கவில்லை. ஐயா போன்ற ஆசிரியர் ஓய்வு பெற்றபின் இடம் நிரப்பப்படாமல், பிரிவே நின்றுபோன பள்ளிகள் பல இருக்கின்றன. நீங்கள் போகும்போது தயங்காமல் கேளுங்கள்.


மேலூர் அம்மா

சகோதரிக்கு ஒரு செய்தி மட்டும். என் மகள் டாக்டராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருத்துவமனை சம்பந்தப்பட்ட படிப்புத்தானே என்று தொழிற்பிரிவில் செவிலியம் எடுத்துக் கொடுத்துவிட்டோம். நீட் தேர்வு எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பதினோராம் வகுப்பு முடியும்போதுதான் தெரிந்தது. இரண்டாண்டு படித்தவுடன் நர்ஸ் ஆகிவிடலாம் என்பதும் உண்மையன்று. அதற்கு மேலே முறையான பட்டயமோ பட்டமோ படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பிள்ளை பிறகு மனத்தைத் தேற்றிக்கொண்டு வேறு படிப்பில் சேர்ந்து நன்றாகவே இருக்கிறாள். ஆனாலும் தொழிற்பாடத்தோடு வருகிற துணைப்பாடம் எது என்பதையும், அந்தத் துணைப்பாடத்தால் எந்த வாசல் மூடப்படுகிறது என்பதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.


பேரையூர் வாசகி

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. உசிலம்பட்டி அண்ணன் எழுதியதை என் மகனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவருடைய தம்பி இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டான்.

ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. பாலிடெக்னிக்கில் எப்படியும் சேரத்தான் போகிறான் என்றால், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு இப்போதே சேர்த்துவிடலாமே என்று என் அண்ணன் கேட்கிறார். மதுரை கோ.புதூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. இவற்றைவிடப் பள்ளித் தொழிற்பிரிவு எந்த வகையில் மேலானது?


உசிலம்பட்டியிலிருந்து ஓர் அண்ணன்

சகோதரி, உங்கள் மகன் கேட்டதாகச் சொன்னீர்கள். என் தம்பி அதன்பிறகு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் பிரிவில் இரண்டாண்டு படித்தான். முதல் நாளே ஆசிரியரிடம் போய், தனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கும்படி கேட்டிருக்கிறான். இன்று திண்டுக்கல் பக்கம் ஓர் ஆலையில் மின் பராமரிப்பில் இருக்கிறான். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர், திருமங்கலம்

அம்மா, உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்றே ஆண்டில் டிப்ளமோ கையில் இருக்கும்; பள்ளித் தொழிற்பிரிவு வழியாகப் போனால் இரண்டும் இரண்டும் நான்காண்டு ஆகும். ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மின்பணியாளர் பயிற்சி முடித்தவரும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக இருந்தால், பள்ளித் தொழிற்பிரிவைவிட ஐ.டி.ஐ.யின் கைப்பயிற்சி நேரம் அதிகம் என்பதை நான் மறுக்க மாட்டேன். அங்கே நாள் முழுவதும் தொழில்தான்; பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் துணைப்பாடங்களும் போக மிஞ்சுகிற நேரம்தான் தொழிலுக்கு.

ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் மனம் மாறும் என்பதையும் பார்க்க வேண்டும். என்னிடம் மோட்டார் சுற்றிய மாணவன் ஒருவன் இன்று கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். அவனுக்கு அந்த விருப்பம் வந்ததே பதினோராம் வகுப்பின் தமிழ்ப் பாடவேளையில்தான். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருந்ததால் அவனால் திசையை மாற்ற முடிந்தது. உங்கள் மகன் ஆசைப்பட்டது மோட்டாரில்தான் என்றாலும், அவன் இன்னும் பல பாடங்களைச் சந்திக்கவில்லை. வீட்டிலிருந்து போய் வருகிற தூரத்தில் பள்ளி இருப்பதும், இலவசப் பேருந்துப் பயண அட்டையும் பாடநூல்களும் மிதிவண்டியும் கிடைப்பதும், தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிற உங்களுக்குச் சிறிய விஷயங்கள் அல்ல. என்னைக் கேட்டால், அந்தப் பள்ளியில் நல்ல ஆசிரியர் இருந்தால் பள்ளி. இல்லையென்றால் தயங்காமல் கோ.புதூர்.

நேரில் போகும்போது, அலுவலகத்தில் நின்று பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பணிமனையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேசையின் மேல் தூசி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வார்னிஷ் வாசமும் சூடேறிய கம்பியின் வாசமும் ஓர் அறையில் தங்கியிருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். சென்ற ஆண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் இரண்டை வாங்கிப் புரட்டுங்கள். சோதனையின் அளவீடுகள் ஒவ்வொரு நோட்டிலும் சிறிது சிறிது வேறுபட்டிருந்தால் பிள்ளைகள் தாமே அளந்திருக்கிறார்கள். எல்லா நோட்டிலும் ஒரே எண் இருந்தால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முடிந்தால் உங்கள் அண்ணனையும் உடன் அழைத்துப் போங்கள்.


பேரையூர் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். நேற்று அண்ணனும் நானும் மகனும் அந்தப் பள்ளிக்குப் போய் வந்தோம். நடந்ததை உங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

தலைமையாசிரியரிடம் நான் முதலில் கேட்டதே ஆசிரியர் ஓய்வுபெற எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதைத்தான். அவர் முகம் சற்று மாறியது, ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் நான்காண்டு இருக்கிறது என்றார். துணைப்பாடமாகக் கணிதம் இருப்பதையும் எழுதிக் காட்டினார். பணிமனையைத் திறந்து காட்டச் சொல்ல நான் தயங்கி நின்றேன், அண்ணனே கேட்டார்.

உள்ளே தொழிற்கல்வி ஆசிரியர் இருந்தார். மேசைமேல் பிரித்துப்போட்ட ஒற்றைப்பேஸ் மோட்டார் ஒன்று இருந்தது, கம்பி முனைகள் நான்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என் மகன் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, இதில் மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் காயில் எது, தொடர்ந்து ஓட்டும் ரன்னிங் காயில் எது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று அவனிடம் கேட்டு, மின் அளவுகளைக் காட்டும் ஒரு மல்ட்டிமீட்டரைக் கொடுத்தார். கல்லுப்பட்டிக் கடையில் டெஸ்ட் லாம்பு வைத்துத்தான் அவன் பார்த்திருக்கிறான். மல்ட்டிமீட்டரைப் பிடித்துப் பழக்கமில்லை. குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஆசிரியரிடமே கேட்டான். பிறகு முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எண்களைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, மின்தடை கூடுதலாக இருப்பதுதான் ஸ்டார்ட்டிங் காயில், ஏனென்றால் அதன் கம்பி மெல்லியது என்று சொன்னான். ஆசிரியர் அவனைப் பாராட்டவில்லை. அடுத்து, கப்பாசிட்டர் எந்தக் காயிலோடு சேர வேண்டும் என்று கேட்டார். அவன் தவறாகச் சொன்னான். அவர் அவனை உட்காரவைத்து, சாக்பீஸால் மேசையிலேயே வரைந்து விளக்கினார். சேர்க்கையே நடக்காத பிள்ளைக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினார்.

ரெக்கார்டு நோட்டுகளை அண்ணன்தான் புரட்டிப் பார்த்தார். இரண்டு நோட்டுகளின் ஒரே சோதனைப் பக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்கள் மாறியிருப்பதை எனக்கு விரலால் தொட்டுக் காட்டினார். பேருந்து நிலையத்தில் தேநீர் குடிக்கும்போது 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பற்றி ஐயா எழுதியிருந்ததை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு விண்ணப்பத்தை என் கையிலிருந்து வாங்கி, முதல் விருப்பத்தில் அடிப்படை மின் பொறியியல் என்று தன் கையாலேயே எழுதினார். நாங்கள் மூவரும் திரும்பப் பள்ளிக்கு நடந்துபோய் அதைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

தரவரிசைப் பட்டியல் வரும் வெள்ளிக்கிழமை ஒட்டப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழும் எமிஸ் மாற்றமும் நாளை முடிந்துவிடும். கப்பலூர்த் தம்பி சொன்னதுபோல மகன் ஒரு புது நோட்டில் சொற்களை எழுதத் தொடங்கிவிட்டான்; முதல் பக்கத்தில் முதல் சொல்லாக மின்தடை என்று எழுதியிருக்கிறான்.